காக்காவின் கற்சிப்பிகளும் என் பொறாமையும்

என் மூத்த சகோதரரான எங்கள் காக்கா வபாத்தாகி, எங்களைப் பிரிந்து, ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். நல்லதை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டே வளர்ந்த தங்கை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தோம். நான் பெரிய பிள்ளையானதும் என் படிப்பு நின்றது; தறியில் உட்கார்ந்தேன். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். காக்கா படித்து ஆசிரியராகி, 1950களின் நடுவில் புத்தளப் பக்கம் நியமனம் பெற்றுப் போனார்.

அங்கே கடலோரக் களப்பை அண்டிய சுண்ணாம்புப் பாறைகளில் சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதைக் கண்டார். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவருவார். எங்கள் கடற்கரைச் சிப்பிகளைப் பக்கத்தில் வைத்து, மேல் வரிகளை எண்ணி, இன்ன வகை என்று தீர்மானிப்பார். கல்லில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டு நுரைக்க வைத்து, சுண்ணாம்பென்றால் புளிப்பு அரித்துவிடும் என்று விளக்குவார். எங்களைப் பெற்ற வாப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். நான் சொன்னால் ஒருநாளும் தறி நின்றதில்லை.

நூல் எண்ணிப் பழகிய கண் என்பதால் வரி எண்ணுவது என் வேலையாயிற்று. புடவைக்குப் பூ வரையும் கட்டத்தாளில் ஒவ்வொரு சிப்பியையும் வரைந்தேன். படங்களைச் சேர்த்து வைத்த கொப்பியில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

ஒருமுறை உடையாத முழுச் சிப்பி ஒன்று கொண்டுவந்தார். எங்கள் கடலில் அப்படியொன்று இல்லை. அதையும் அன்றே வரைந்து வைத்தேன். கொழும்பில் இதெல்லாம் அறிந்த ஒரு துரைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். மகனின் பெயர் பேப்பரில் வரும் என்று வாப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். மறுநாள் வாப்பாவும் காக்காவும் பகல் லுஹர் தொழுகைக்குப் போன நேரம், அந்தச் சிப்பியைப் புளிப்பான ஊறுகாய் வினாகிரிக்குள் போட்டேன். பின்னேரம் அஸருக்கு எடுத்தபோது வரிகள் மழுங்கிப் போயிருந்தன.

காக்கா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“தெரியாமச் செஞ்சயா, தங்கச்சி?”

“தெரிஞ்சுதான் செஞ்சன். நீங்க பாறைக்குப் போறீங்க. நான் தறிக்குள்ளயே கிடக்கன்.”

அவர் கை ஓங்கவில்லை, வாப்பாவிடமும் சொல்லவில்லை. என் படத்தில் எத்தனை வரி என்று கேட்டார். பத்தொன்பது, இடைக்கிடை மெல்லிய வரி ஒன்று என்றேன். மழுங்கிய சிப்பியோடு அந்தப் படத்தையும் அனுப்பினார். இன்றைய கடலில் இல்லாத வகை, படம் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது என்று பதில் வந்தது. பாராட்டு முழுவதும் காக்காவுக்கு. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

ஆனால் காக்கா வாப்பாவிடம் மூன்று நாள் வாதாடினார். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை பாறையில் ஏறுவதா என்று வாப்பா மறுத்தார். உம்மாவும் கூட வரட்டும் என்று காக்கா விடாப்பிடியாக நின்றார். அடுத்த லீவில் உம்மாவும் நானும் புத்தளம் போனோம்.

பாறையில் ஏறி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. காக்கா வழக்கமாக இருக்கும் இடத்துக்குக் கீழேயே, முறுக்கிய சின்னச் சங்கு ஒன்று என் கண்ணில் பட்டது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவடத்துல நான் எத்தின நாள் இருந்திருப்பன். என்ட கண்ணுல படல்லயே.”

அவர் முகம் சுருங்கியது. அது என்ன முகம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்று பகல் நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்னேரம் அவரே கொப்பியை எடுத்து, கண்டெடுத்தவர், வரைந்தவர் என்ற இரு இடத்திலும் என் பெயரை எழுதினார். எழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது.

காக்கா கல்முனையில் பல காலம் படிப்பித்து ஓய்வு பெற்றார். கடைசி மாதங்களில் மூச்சுத் திணறலோடும் ஐவேளைத் தொழுகையை விடவில்லை. வபாத்துச் செய்தி கேட்டுப் பாண்டிருப்பிலிருந்து முதலில் ஓடிவந்த அவருடைய சக ஆசிரியருக்கும், குளிப்பாட்டி, கபுறு தோண்டி, ஜனாஸாவைச் சுமந்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

வாசிக்கும் நீங்கள் காக்காவுக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்யுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒன்று கேளுங்கள். அவருடையதைவிடக் குறையாமல்.