பாம்புக்கு வைத்த பால்

பிரிட்ஜின் ஐஸ் அறையில் வலது பக்கம் எங்களுக்கு, இடது பக்கம் மிஸிஸுக்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கை தவறி இடது பக்கத்துப் பையை எடுத்துவிட்டேன். நெத்தலி என்று நினைத்துக் கோப்பையில் கொட்டி வெந்நீர் ஊற்றினேன். ஐஸ் கரைந்த பிறகு பார்த்தால் கோப்பையில் மிதந்தது மீன் இல்லை. வெள்ளை மயிரும் சின்னக் கால்களும் வாலுமாக ஐந்தாறு எலிகள். நான் போட்ட சத்தத்துக்கு மிஸிஸ் ஓடி வந்தா. கோப்பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கதிரையில் இருந்து சிரித்தா. சிரித்து முடியுமுன்னமே அழத் தொடங்கினா. அவவின் மகன் செத்து அப்போது மூன்று கிழமைதான்.

அது எண்பதுகளின் கடைசி. லண்டன் ஸ்ட்ரெதமில் மிஸிஸ் வீட்டின் மேல்மாடி அறையில் நானும் என் மனுஷனும் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. நான் விடியப்புறம் ஒரு ஒபிஸில் துப்புரவு வேலை செய்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடுவேன். வீட்டுக்காரியை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது வாயில் வராது. மிஸிஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பஸ்காரரின் கன்டீனில் சமைத்து ஓய்வுபெற்றவ. புருஷன் எப்போதோ போய்விட்டார். இருந்தது ஒரே மகன். அவனுக்கு வந்த வருத்தத்தின் பெயரை அந்த நாளில் ஆட்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மிஸிஸும் சொல்லவில்லை. ஆசுபத்திரியில் அவனுடைய சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள் என்று மட்டும் என் மனுஷனிடம் ஒருநாள் சொன்னாவாம்.

மகனின் வீட்டைக் காலி பண்ணியபோது உடுப்புகளை எல்லாம் கொடுத்துவிட்டு ஒரு மரப்பெட்டியை மட்டும் கொண்டுவந்தா. அவன் கையால் செய்த பெட்டி. முன்பக்கம் கண்ணாடி, அடியில் கரண்டில் வேலை செய்யும் சூட்டுத் தகடு. உள்ளே ஒரு பாம்பு. எங்கள் ஊர் வெங்கிணாந்தி மலைப்பாம்பின் சாதிதான், ஆனால் சிறிசு. கடிக்காது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். எனக்கு அது தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாடு போலத் தெரிந்தது. மகன் நடமாடித் திரிந்தபோது கிழமைக்கு ஒரு எலி தின்றதாம். அவன் ஆசுபத்திரிக்குப் போன நாளிலிருந்து அது வாய் திறக்கவில்லை.

மிஸிஸ் ஒவ்வொரு நாளும் ஒரு எலியை வெந்நீரில் இளக்கித் துடைத்து, நீட்டு இடுக்கியால் பிடித்து அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டுவா. தின்னாவிட்டால் பாம்பைத் தூக்கி மடியில் வைத்து, மகனோடு கதைப்பதுபோலக் கதைப்பா. ஞாயிறுகளில் சமையல் தராசில் வைத்து நிறுப்பா. நிறுத்த பிறகு அவவின் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிடும். பாம்பின் முதுகெலும்பு கூரை முகடுபோல மேலே தெரியத் தொடங்கியிருந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டுத் தீத்தலாம் என்று செல்லப்பிராணிக் கடைக்காரன் சொன்னதற்கு மிஸிஸ் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டா. மகனுக்கும் கடைசியில் குழாய்தான்.

என் மனுஷனுக்கு இது முதலில் பகிடியாகத்தான் இருந்தது. "ஊரிலை பாம்பு வந்தா நாங்கள் வீட்டை விட்டு ஓடுவம். இஞ்சை வாடகை குடுத்துப் பாம்போடை இருக்கிறம். சொன்னால் ஆரும் நம்புவினமோ?" என்பார். ஆனால் ஒருநாள் கீழே மிஸிஸோடு கதைத்துவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"பெடியன் கடைசியா ஒண்டுதான் கேட்டவனாம். அம்மா, இதைச் சாகவிடாதை எண்டு. வேறை ஒண்டும் கேக்கேல்லையாம்" என்றார்.

அதன் பிறகு அவர் அந்தப் பகிடியைச் சொல்லவில்லை.

அந்தப் பாம்பு ஏன் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். நான் லண்டனுக்கு வந்த புதிதில் வெம்பிளியில் இவருடைய சிநேகிதர் வீட்டில் இருந்தோம். மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்து, ஊரில் என்ன நடந்தது, ஆரார் செத்தது என்று கேட்டுக்கொண்டு என் வாயையே பார்ப்பார்கள். எனக்கு ஒரு பிடி சோறு இறங்காது. எல்லாரும் எழும்பிப் போன பிறகு குசினியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று சாப்பிடுவேன். மிஸிஸ் பாம்பை ஒரு நிமிஷம் தனியே விட்டதில்லை. எனக்கு இங்கிலீஸ் வராது, இதை நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கோ என்றால், "பாம்புக்கும் உம்மைப்போலை வெக்கமோ?" என்று இவர் தட்டிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மிஸிஸ் கடைக்குப் போன நேரம் நானே எலியை இளக்கி, கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் வைத்தேன். என் பழைய நூல்சேலையால் பெட்டியை முழுக்க மூடினேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படியில் போய் இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது எலி இல்லை. பாம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு வீக்கம். மிஸிஸ் வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தா. என் அம்மாவுக்குப் பிறகு என்னை அப்படி ஆரும் பிடித்ததில்லை.

ஆனால் அது அந்த ஒரு எலியோடு நின்றுவிட்டது. சேலை போட்டும் பார்த்தோம், கதவைச் சாத்தியும் பார்த்தோம். பெப்ரவரியில் மிஸிஸின் தங்கச்சிக்குச் சுகமில்லை என்று மூன்று நாள் போகவேண்டி வந்தது. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்து, "நீதான் தின்னப் பண்ணினவள்" என்று எனக்கு விளங்குகிறமாதிரிச் சொல்லிவிட்டுப் போனா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வைத்த எலி பின்னேரம் வரை அப்படியே கிடந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஊரில் நாகதம்பிரான் கோயில் புற்றடியில் நாங்கள் பாலும் முட்டையும் வைக்கிறது. எத்தனை வருத்தம் மாறியிருக்கிறது. இது ஆபிரிக்காவில் பிறந்த பாம்பு, நாகம் இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. தலைமுழுகி, திருநீறு பூசி, ஒரு கிண்ணம் நிறையப் பாலும் ஒரு முட்டையும் பெட்டிக்குள் வைத்து, மிஸிஸின் பிள்ளைக்காக இதைத் தின்னப் பண்ணு தம்பிரானே என்று கும்பிட்டேன்.

பாம்பு சுருள் அவிழ்ந்து கிண்ணத்தடிக்கு வந்தது. குடிக்கப்போகிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது கிண்ணத்தின் மேலால் ஏறி ஊர்ந்து போனது. பால் முழுக்கக் கவிழ்ந்து, விரித்திருந்த பேப்பருக்குக் கீழே இறங்கியது. தகட்டில் ஈரம் பட்டால் நெருப்புப் பிடிக்கும் என்று பயந்து பிளக்கைப் பிடுங்கினேன். பேப்பரை மாற்றினேன், எட்டினமட்டும் துடைத்தேன். பலகைக்குள் இறங்கின பாலை என்னால் எடுக்க ஏலவில்லை. ஈரத்தோடு பிளக்கைத் திரும்பப் போடப் பயமாக இருந்தது. காய்ந்த பிறகு போடலாம் என்று விட்டேன். இவரிடம் சொன்னால் ஏசுவார் என்று சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்திருந்த நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை, மிஸிஸ் வர ஒரு மணித்தியாலம் இருக்கும்போதுதான் பிளக்கைப் போட்டேன்.

நாலைந்து நாளில் பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. வாயோரம் நுரை. மிருக டொக்டர் பார்த்துவிட்டு, குளிரும் ஈரமும் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, மெலிந்துபோன பாம்பு, தாங்காது என்றாராம். அடுத்த கிழமை செத்துப்போனது. மிஸிஸ் அதை ஒரு தலையணை உறைக்குள் வைத்துக் கட்டினா.

பெட்டியைத் துப்புரவாக்கும்போதுதான் அடிப்பலகை ஊறி உப்பியிருந்ததைக் கண்டா. கண்டவுடனே என்னைக் கூப்பிட்டா. தங்கச்சி வீட்டுக்குப் போகுமுன் பெட்டிக்குள் இருக்கிற தண்ணீர்ச் சட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போனது அவதான். பலகையைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "வோட்டர்? மீ?" என்று கேட்டா. எனக்கு விளங்கவேண்டும் என்று எப்போதும் அப்படித்தான் சொல்லைக் குறைத்துக் கதைப்பா.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த வீட்டில் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் நான் சொல்லுகிற மறுமொழி ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு அவ கேட்டது எனக்கு முழுக்க விளங்கியது.

"யெஸ்" என்றேன்.

அவ தலையை ஆட்டினா. என்னில் கோபிக்க வேண்டிய அவ, என் தோளைத் தட்டிவிட்டுப் பலகையைக் குப்பைக்குக் கொண்டுபோனா.

அதன் பிறகு மிஸிஸ் அதை எல்லாருக்கும் சொன்னா. பக்கத்து வீட்டுக்காரிக்கு, கடுதாசிக்காரனுக்கு, தங்கச்சிக்கு. மகன் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் தன் கவலையீனத்தால் கொன்றுபோட்டதாகச் சொல்லுவா. நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தொண்ணூறுகளில் நாங்கள் இல்ஃபோர்டில் வீடு எடுத்துப் போனோம். கவுன்சில் வகுப்புக்குப் போய் நானும் நாலு வசனம் இங்கிலீஸ் கதைக்கப் பழகினேன். நத்தாருக்கு நத்தார் மிஸிஸைப் பார்க்கப் போவோம். அப்போதும் சொல்லுவா. எனக்கு அப்போது பாஷை இல்லை என்ற சாட்டும் இல்லை. கிறிஸ்மஸ் கேக்கை விழுங்கிக்கொண்டு, சூட்டுத் தகட்டுக்கு இங்கிலீஸில் என்ன, பாலுக்கு என்ன, பிடுங்கினேன் என்பதற்கு என்ன என்று மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். எல்லாச் சொல்லும் இருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு இளவேனிலில் அவவின் தங்கச்சி போன் பண்ணிச் செய்தி சொன்னா.

இப்போது எனக்கு மிஸிஸின் அன்றைய வயதைவிடக் கூட. இவரும் இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் முதல்முறை முழுக்க எழுதியிருக்கிறேன். அதுவும் அவ உயிரோடு இருந்தாலும் வாசிக்க ஏலாத பாஷையில்.