மாசிலாமணி ஐயா எழுதிவந்த ‘இல்லை’

பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் எங்கள் திருத்தணிப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றபடியே சொன்னார்: “உங்க பயர் பிரிகேட் போயிட்டாருங்க. நேத்து சாயங்காலம். இன்னிக்கி மூணு மணிக்கு அடக்கமாம்.” நான் “ஆங்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த காகிதத்தைத் தொடர்ந்து படித்தேன். ஒரு வரிகூட மனசில் ஏறவில்லை. அடக்கத்துக்குப் போய்வந்து நாலு நாள் ஆகிறது. இன்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடம்பில் தெம்பில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. மாசிலாமணி அவர்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்து மிஷன் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய் பயர் பிரிகேட்டில் சேர்ந்து, பதினைந்து வருஷம் வண்டியில் தொற்றிக்கொண்டு ஓடியவர். யுத்த காலத்தில் ஒரு கிடங்குச் சுவர் சரிந்து இடது கால் ஊனமாயிற்று. தாங்கித் தாங்கி ஊர் திரும்பினார். அப்போது திருத்தணியிலும் குண்டு விழும் என்று ஒரு பயம். பஞ்சாயத்தில் ஒரு கைப்பம்பும் இருபது வாளியும் வாங்கினார்கள். தெரு கூட்டும் ஆட்களில் நாலு பேரைப் பொறுக்கி அதற்கென்று பெயர் எழுதி, இவரை அவர்களுக்கு மேலாளாகப் போட்டார்கள். நான் பக்கத்து மேசை குமாஸ்தா.

கடைத்தெருவில் அவர் போனால், “அதோ பயர் பிரிகேட் நொண்டிகினு வருது” என்பார்கள். நொண்டி என்றதற்குச் சிரிப்பார். பயர் பிரிகேட் என்றதற்குத்தான் முகம் சுருங்கும். ஒருநாள் கேட்டே விட்டேன், அந்தப் பேர் மேல் அப்படி என்ன கோபம் என்று.

“கோவம் இல்லீங்க,” என்றார். “மெட்ராஸ்ல மணி அடிச்சா ஒரு நிமிஷத்துல வண்டி ரோட்டுல நிக்கணும். அடிக்காத நாள்ல இன்னா பண்ணுவோம்? காத்துகினு இருப்போம். அதாங்க வேல. வேற வேல இல்லாம காத்துகினு இருக்கறவங்களுக்குதான் அந்தப் பேரு. நம்ம ஆளுங்க காலைல தெரு கூட்றாங்க, மதியானம் சாக்கடை அள்றாங்க. நெருப்புன்னா அவங்களத் தேடிப் புடிக்கவே அர மணி ஆவும். பம்பு இருந்தா ஆயிடுமா?”

இது வெறும் பேச்சோடு போகிற விஷயமாக இருக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் கீற்றுப் பந்தல்கள் போட அனுமதி கேட்டு வரும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ஊரில் பயர் பிரிகேட் இருக்கிறதா? இல்லை என்றால், பந்தல் போடுகிறவர்களே ஒவ்வொரு பந்தலுக்கும் நிறைத்த பீப்பாய்களையும் தண்ணீர் தூக்கும் ஆட்களையும் திருவிழா மூன்று நாளும் நிறுத்தியாக வேண்டும். இருக்கிறது என்றால் அந்தத் தொல்லை கிடையாது. மாசிலாமணி அவர்கள் வருஷா வருஷம் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பந்தல்காரர்கள் வருஷா வருஷம் என் மேசைக்கு வந்து கத்துவார்கள்.

போன வருஷம் மண்டிக்கார முனிரத்தினம் மூன்று நாள் விடாமல் வந்தார். “நைனா, பம்பு கீது, ஆளு கீறாங்க, அந்த மனுஷன் இன்னாத்துக்கு இல்ல இல்லன்றான்?” என்று பல்லவி. பஞ்சாயத்துத் தலைவரும் என்னைத்தான் கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது. படிவத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

“ஐயா, ஒரு வார்த்தைதானே. போட்டுடுங்க. இந்த ரோதனைய என்னால தாங்க முடியலீங்க.”

அவர் படிவத்திலிருந்து தலை நிமிர்ந்தார். “உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா கீதா?” என்றார். பிறகு பேனாவை வாங்கி ‘உண்டு’ என்று எழுதினார். என் அலுப்புக்காக எழுதினார்.

கிருத்திகையன்று பகலில், குளத்தங்கரைப் பந்தலில் கற்பூரத் தட்டிலிருந்து கீற்றில் நெருப்புப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஆட்கள் இல்லை, பீப்பாய் இல்லை. நாலு பேரில் மூன்று பேர் மலைமேல் எச்சில் இலை வாரிக்கொண்டிருந்தார்கள். இவரும் மிச்சமிருந்த ஒருவருமாகப் பம்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். குளத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு குடம் மொண்டிருந்தாலே போதும். யாரோ, “பயர் பிரிகேட் வந்துட்டுது, வழி வுடுங்க!” என்று கத்தினார். அத்தனை பேரும் மரியாதையாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன். “நிக்காதீங்க, மொண்டு ஊத்துங்க!” என்று அவர் அலறியது காதில் விழவே நேரமாயிற்று.

உள்ளே படுத்துத் தூங்கிய ஆர்.கே.பேட்டைப் பெரியவர் ஒருவர் உயிரோடு வெளியே வரவில்லை. அவரை இழுக்கப் போனதில் மாசிலாமணி அவர்களின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

விசாரணைக்கு வந்த அதிகாரி, யார் சொல்லி இப்படி எழுதினீர் என்று கேட்டார். கைக்கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, “யாரும் சொல்லலீங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதனேன்” என்றார். நான் பக்கத்தில் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை போயிற்று. நான் அதே நாற்காலியில் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவருடைய மனைவியிடம் போனேன். “அம்மா, அன்னிக்கி அந்தக் கையெழுத்த போடச் சொன்னது நான்தாங்க” என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த அம்மாள் அழவில்லை. “தெரியுங்க,” என்றார். “யாருன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், சொல்லல. ஆனா ராத்திரி ஜெபத்துல ஆர்.கே.பேட்ட பெரியவர சொல்லிட்டு, அடுத்து உங்க பேரத்தான் சொல்லுவாரு. அப்பவே புரிஞ்சிபோச்சு.” அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கத்தில் அழுதேன் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

கண்டக்டர் வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தது இந்த வருஷத்துப் படிவம். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நான்தான் நிரப்ப வேண்டும். விபத்துக்குப் பிறகு புதுப் பம்பு வாங்கி, சிவப்புச் சாயம் அடித்து, கொட்டகை வாசலில் பயர் பிரிகேட் என்று பலகையும் மாட்டியிருக்கிறார்கள். நாலு பேரும் இன்று காலையிலும் தெரு கூட்டிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் இரண்டு தரம் வந்து போய்விட்டார். தலைவர் சாயங்காலத்துக்குள் கேட்டிருக்கிறார்.

‘இல்லை’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டுவிட்டேன். மை காய்ந்துகொண்டிருக்கிறது.

போய் வாருங்கள், ஐயா. நீங்கள் காத்துக்கொண்டிருந்தது போதும்.