எட்டுப் பேர் மட்டும்

பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் பயந்தே முன்னுக்கு வந்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்வித்துறையில் இதற்கென்று ஒரு பட்டம் இல்லாததுதான் குறை. கொல்கத்தாவில் அந்தப் பொறியியல் கழகத்துக்குள் ஆராய்ச்சி மாணவராக நுழைந்தபோது வழிகாட்டியின் இருமலுக்குப் பயந்தார். உதவிப் பேராசிரியரானதும் துறைத்தலைவருக்கு, இணைப் பேராசிரியரானதும் டீனுக்கு, முழுப் பேராசிரியரானதும் டைரக்டருக்கு என்று பயமும் முறைப்படி பதவி உயர்வு பெற்றது.

அவருடைய துறை மெக்கானிக்கல் அண்ட் சிஸ்டம்ஸ். அதிலும் லிஃப்ட். பாரம் மீறினால் லிஃப்ட் எப்படிக் கெடும் என்பதுதான் முனைவர் பட்ட ஆய்வு. கயிறு அறாது, பிரேக் வழுக்கும். மேல்மாடியில் கதவு திறந்து, ஒரு கால் வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக இருக்கும்போது பெட்டி இறங்கும். இதை முந்நூறு பக்கம் எழுதி நிறுவியிருந்தார். முழுக்க வாசித்தவர் டைப் அடித்தவர் ஒருவரே.

துறைக் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்ததும் அவர் பரிந்துரையில்தான். அதன் திறப்புவிழாவையும் துறைத்தலைவர் பதவிக்கான நேர்காணலையும் டைரக்டர் ஒரே காலையில் வைத்தார். தேர்வுக்குழு லிஃப்டைத் திறந்து, அதிலேயே நான்காம் மாடிக்கு ஏறி, அவரைக் கேள்வி கேட்கும். ஓய்வுக்கு முன் இதுவே கடைசி வாய்ப்பு.

டாக்குரியா பகுதியிலிருந்த வீட்டில் மனைவி கோமளம் வழியனுப்பினாள்.

"ஏன்னா, அவா எது கேட்டாலும் ஆமாம்னுட்டு வாங்கோ. காலம்பூரா சொல்றதுதானே, புதுசா என்ன?"

"ஆமாம்," என்றார்.

லிஃப்டுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். வங்காள வழக்கப்படி மங்கலச் சங்கு ஊதினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் உதவிப் பேராசிரியை தேவிப்ரியா, மதுரைக்காரி, அவரை ஓரமாக அழைத்தாள்.

"சார், ஓவர்லோடு அலாரத்தக் கழட்டிட்டாங்க."

"யாரு?"

"டைரக்டர் ஆபீஸ்லதான். பெரிய மனுஷங்க ஏறும்போது கீ கீன்னு கத்துனா மரியாதையா இருக்காதாம். ராகவன் சார் வாங்குன லிஃப்டு, பயமே இல்லைங்கிறாங்க."

"நீ எடுத்துச் சொல்லலையா?"

"நான் ப்ரொபேஷன்ல இருக்கேன் சார். நீங்க சொல்லுங்க."

"நான் இன்டர்வியூல இருக்கேம்மா."

அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். டைரக்டர், தேர்வுக்குழு, ரெஜிஸ்ட்ரார், புகைப்படக்காரர், சந்தேஷ் இனிப்புத் தட்டோடு இரண்டு பேர். எண்ணினார்: பன்னிரண்டு. 'சார்' என்று தொடங்கிய சொல் தொண்டையில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

"ஆஷூன், ஆஷூன் ராகவன் பாபு," என்று டைரக்டர் வங்காளத்தில் அழைத்தார். "உங்கள் லிஃப்ட், நீங்கள் இல்லாமலா?"

வலக்காலை உள்ளே வைத்தார். இடக்கால் வரவில்லை. கதவு வந்து தோளில் இடித்துத் திரும்பியது. மறுபடி வந்தது, இடித்தது, போனது. ஓடிவிடத்தான் நினைத்தார், முடியவில்லை. பயத்தில் உறைந்தார் என்பதே உண்மை. வீரம் என்று பின்னாளில் தேவிப்ரியா பரப்பியதை நாம் ஏற்பதற்கில்லை.

"கீ ஹோலோ?" டைரக்டரின் குரல் தடித்தது. "என்ன ஆயிற்று? உள்ளே வாருங்கள், அல்லது வெளியே போங்கள்."

விரல் தானாக உயர்ந்து சுவரில் பதித்திருந்த தகட்டைக் காட்டியது: எட்டுப் பேர் மட்டும்.

"அலாரம்... இல்லை," என்றார். "மேலே பிரேக் வழுக்கும். ஒரு கால் வெளியே இருக்கும்போது."

தேர்வுக்குழுவுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் தகட்டைப் படித்தார், தலைகளை எண்ணினார், தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். டாக்டர் தம்மை மாடிப்படி ஏறச் சொல்லியிருக்கிறார் என்று முனகியபடி இறங்கினார். சந்தேஷ் தட்டுகள் இறங்கின. புகைப்படக்காரர் இறங்கினார். உள்ளே மிச்சம் எட்டுப் பேர். டைரக்டர் இறங்கவில்லை, கண்ணெடுக்காமல் ராகவனையே பார்த்தார். ராகவன் பின்வாங்கியதும் கதவு மூடிக்கொண்டது.

கைப்பிடியைப் பற்றியபடி அவர் படியேறினார். பன்னிரண்டு பேரும் பத்திரமாக மேலே சேர்ந்திருந்தார்கள். அவர்களில் தேர்வுக்குழுவினர், ஓர் எலும்புகூட முறியாமல், முழு உடல்நலத்துடன் அமர்ந்து, அவரை ஒருமனதாக நிராகரித்தார்கள்.