கண்ணாடி அடுப்பில் மூன்று பொட்டு

பார்வை போன என் மனைவிக்கு கேஸ் அடுப்பு பயம் என்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். மேலே வழவழவென்று கண்ணாடி; பட்டன் எதுவும் கைக்குத் தட்டுப்படாது. எதையோ தொட்டுப் பாலைப் பொங்கவிட்டாள். "இனி நீ சமைக்கவே வேண்டாம்!" என்று கத்தினேன். முட்டாள் நான்.

மறுநாள் திருவெறும்பூர் ஃபேக்டரியிலிருந்து வந்தால், அவள் போட்ட டீ கொதிக்கிறது! பக்கத்து வீட்டு மேரியக்கா இடம் காட்ட, மூன்று பட்டனுக்கும் கீழே இவளே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள்.

"பட்டன் மேலேயே ஒட்டலாமே?"

"தடவும்போதே ஆன் ஆகிடுங்க. மெஷின் ஓட்டுறீங்க, இதுகூடத் தெரியலையா?"

கண்ணை மூடித் தடவினேன். பொட்டு தட்டுப்பட்டது. அதற்கு மேலே தொட்டேன். அடுப்பு 'பீப்' என்றது! சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

அடுப்பு வாங்கிய அன்று கடையில் அரைமணி நேரம் நின்றவன், அவளை ஒருமுறைகூடத் தொட்டுப்பார்க்கச் சொல்லவில்லை. இப்போது எதை வாங்கினாலும் முதலில் தொடுவது அவள்தான்.