அசைந்த தூண்

“வூட்ல ஒருத்தரும் பள்ளிக்கூடம் போனதில்ல, இவ பங்களாவ அளக்கப் போறாளாம்!” என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை என்னைப் பற்றிச் சொன்னார். கட்டடக்கலைப் படிப்பின் இறுதியாண்டில் நான் ஒரு பழைய வீட்டை அளந்து வரைந்து தர வேண்டும். தராவிட்டால் ஒரு பருவம் வீண். நான் தேர்ந்தது படப்பையைத் தாண்டியுள்ள ஒரு ஜமீன் பங்களா. உரிமையாளர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி தந்தார், மாலை ஐந்து வரை.

காலை 7.10. பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் வந்து, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயிலில் தாம்பரம். அங்கிருந்து படப்பைக்குப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, உட்கார இடமும் இல்லை. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

“அந்த சீரியல் வூடா? அங்க இன்னா கீது பாக்க? எப்பப் பாரு யாராவது அழுதுகினு கீறாங்க.”

நூறு ரூபாய்க்கு இறங்கி வந்தார்.

9.30. சுவர் இருபத்திரண்டு அங்குலக் கனம், சுண்ணாம்புக் காரை. அதன் மேல் யாரோ ரோஜா நிற பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜன்னல் வளைவைக் குடைந்து ஏசி குழாய் விட்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அங்கே நான்கு தேக்குத் தூண்கள். அடிச்சுற்று, உயரம், உச்சியில் செதுக்கிய பூக்கள் என எல்லாவற்றையும் மூன்று மணி நேரம் அளந்து வரைந்தேன்.

12.45. நான்காவது தூணில் சாய்ந்து தண்ணீர் குடித்தேன். தூண் அசைந்தது.

“பாத்துமா, நாலுமே தெர்மாகோல்” என்றார் காலையில் கதவைத் திறந்துவிட்ட காவலாளி. “போன மாசம் சீரியல்காரங்க லாரியில கொண்டாந்து நட்டாங்க.”

“காலையிலேயே சொல்லக்கூடாதா அண்ணா?”

“நீ கேக்கவே இல்லியே. படிச்ச பொண்ணு, எதுக்கோ அளக்குதுன்னு பாத்துகினு இருந்தேன்.”

அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. தட்டிப் பார்க்காமல் வரைந்தது நான்தானே. அசல் தூண்களும் முற்றமும் பின்னாலிருந்த பலகைச் சுவருக்கு அப்பால் இருப்பதாகக் காவலாளி சொன்னார். ஒரு பலகையை மட்டும் கழற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

“ஆணியப் புடுங்கினா என் வேலை பூடும். வெள்ளிக்கிழமை சீரியல் செட்ட பிரிப்பாங்க. ஆனா அன்னிக்கு பிரிக்கிற ஆளுங்களத் தவிர யாரையும் உள்ள உடமாட்டாங்க.”

மாடியையும் படிக்கட்டையும் அளந்து முடிக்கையில் மணி ஐந்து. வாசலைப் பூட்டிய காவலாளியிடம் செட் பிரிக்கும் மேஸ்திரியின் எண்ணை வாங்கினேன். அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டுப் பேசினேன். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வரும் ஆட்களில் என் பெயரும் சேர்ந்துவிட்டது. சுத்தியல் அவர்கள் தருவார்களாம். டேப் என்னிடம் இருக்கிறது.