தலைவருக்குப் போட்ட மொட்டை

தையல்காரர் தவறினால் பிரித்துத் தைத்துவிடலாம். முடி திருத்துகிறவன் தவறினால் அந்த ஆள் வரும் தெருப்பக்கம் ஒரு மாதம் தலைகாட்ட முடியாது என்பது, தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெட்டாமல் இருக்கச் சம்பளம்

எழுபதுகளில் ஒரு சினிமா கம்பெனி திருத்தணிக்கு வந்தது. நாட்டின் விடுதலைக்காக வெளிதேசத்துக் காடுகளில் மறைந்து வாழ்ந்த ஒரு தலைவரின் கதை. அந்த வெளிதேசத்துக்கு எங்கள் மலையடிவாரமே போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். தலைவரோடு ஒளிந்திருக்கும் தோழர்களாக எங்கள் ஊர் நெசவாளர்கள் பன்னிரண்டு பேர். படம் முடியும்வரை அவர்களுடைய முடியும் தாடியும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதும், யாரும் வெட்டிக்கொள்ளாமல் காப்பதும் என் வேலை. காலையில் ஒவ்வொரு தாடியையும் விரலால் அளந்த பிறகுதான் விடுவேன்.

என் சலூனுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் கொஞ்சநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்குக் கூலின்னா என் மச்சானையும் சேத்துவுடுப்பா. அவனுக்கு அதுல நல்ல பழக்கம்."

முதுகு நடிகர்

தலைவராக நடித்த பட்டணத்து நடிகர் வெயில் ஏறினால் காரைவிட்டு இறங்கமாட்டார். பாறை ஏறுவது, ஓடுவது எல்லாம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான முனிரத்தினம்தான். முதுகு மட்டும் படத்தில் வரும். தோளில் புரளும் அவன் முடிக்காகத்தான் அவனைப் பிடித்தார்கள். மனைவி பிரசவத்தில் பிழைத்தெழ வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடி அது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆடிக் கிருத்திகையில் மொட்டை போடவேண்டும் என்று முதல் நாளே மேனேஜரிடம் சொல்லியிருந்தான். "அதுக்குள்ள முடிச்சிடுவோம்" என்றார் அவர்.

ஒருநாள் அவன் மனைவி கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்க வந்தாள். எப்படி நடிக்கிறான் என்று கேட்டேன். "தறியில குந்திகினா வூட்லயும் இதே முதுகத்தான் பாத்துகினு இருக்கேன். இதுக்கு எதுக்குங்க கேமரா?"

கிருத்திகைக் காலை

மழையால் படப்பிடிப்பு தள்ளிப்போனது. தலைவரும் தோழர்களும் எல்லை தாண்டித் தப்பும் காட்சி மட்டும் பாக்கி இருக்கும்போது ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. விசேஷ நாட்களில் அடிவாரக் குளத்தங்கரையில் நானும் பக்தர்களுக்கு மொட்டை போடுவேன். விடிந்ததும் முனிரத்தினம் தலையை நனைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தான். டைரக்டர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ரெண்டே நாள் பொறுப்பா. முருகன் கோவிச்சுக்கமாட்டாரு."

"பிரசவத்தன்னிக்கு அவரு ரெண்டு நாள் கழிச்சு வரேன்னு சொல்லலீங்களே சார். சொல்லியிருந்தா இவ இன்னிக்கு இல்ல."

குழந்தையோடு பக்கத்தில் நின்றிருந்த அவன் மனைவியைப் பார்த்தேன். கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் கத்தியை எடுத்து உச்சியில் வைத்தேன். பாதித் தலை முடிந்து நிமிர்ந்தால், மற்ற பதினொரு தோழர்களும் துண்டோடு வரிசையில் நிற்கிறார்கள்! ஆளுக்கொரு நேர்த்திக்கடன்.

டைரக்டர் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். விழுந்து கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "ஏங்க, மொட்டை போட்டுட்டா போலீசுக்கு அடையாளம் தெரியாது, இல்ல?"

கொட்டகையில்

பாக்கி இருந்த காட்சியை அன்றே எடுத்துவிட்டார்கள். மாறுவேடத்துக்காக எல்லோரும் மொட்டையடித்துக்கொண்டதாகக் கதை மாறியது. நடிகருக்கு ரப்பர் தொப்பி. எங்கள் ஆட்களுக்கு நிஜம். தலையில் பூசிய சந்தனத்தைத் துடைக்க முனிரத்தினம் சம்மதிக்கவில்லை.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தபோது போனேன். வெளிதேசத்துக் காட்டில் தலைவர் முதுகைக் காட்டிக்கொண்டு, தலை நிறையச் சந்தனத்தோடு நடந்து போகிறார். கொட்டகை முழுக்க அரோகரா. பக்கத்தில் இருந்த கனகம்மாசத்திரத்துக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எந்த தேசத்துல போயி ஒளிஞ்சா இன்னாங்க, மொட்டை போட நம்ம மலைக்குத்தான வந்திருக்காரு!"

வெட்டாமல் இருக்கச் சம்பளம் வாங்கிய நான், வெட்டிய அந்த ஒரே நாளில்தான் அந்தப் படத்துக்கு உருப்படியாக ஏதோ செய்திருக்கிறேன்.