அத்தானின் காரிலிருந்து இறங்கிய விதம்

மொன்றியலில் எங்களுடைய ஆட்கள் யாரும் வேலை தேடிக் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் வெளியே நிற்கிற ஒருவரை வேலைக்குப் போட்டுவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து போட்டுவிட்டவர் பொறுப்பாளி, போடப்பட்டவர் அவருடைய சாமான். நீங்கள் பிந்திப் போனால் மானக்கேடு அவருக்கு. நீங்கள் கோப்பையை உடைத்தால் உடைந்தது அவருடைய பெயர். நீங்கள் ஒழுங்காக வேலை செய்தால், அது அவர் ஆள் பார்த்துப் போட்ட கெட்டித்தனம். என்னைப் போட்டுவிட்டவர் என் அக்காவின் கணவர். ஆகவே நான் சட்டப்படியும் சம்பிரதாயப்படியும் அவருடைய சாமானாக இருந்தேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் அக்கா வீட்டு பேஸ்மென்றில் எனக்கு ஒரு கட்டிலும், கொதிநீர்த் தாங்கியின் பக்கத்தில் புத்தகங்கள் வைக்க ஒரு பலகையும் தந்திருந்தார்கள். ஊரில் நான் பட்டதாரி. மொழிபெயர்ப்பில் தடித்த தடித்த பிரெஞ்சு நாவல்களாக வாசித்துத் தள்ளியவன். அந்த மொழி பேசுகிற ஊருக்கே போகிறேன் என்று விமானத்தில் எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அந்த மொழியில் ஒரு மனிதர் என்னைப் பார்த்துச் சொன்ன முதலாவது முழு வசனம், "இந்தச் சட்டியைத் திரும்பக் கழுவு" என்பது. இலக்கியத்தின் சாயல் அதில் குறைவு.

வேலை கர்க்லாண்ட் என்ற புறநகரில், கலியாணங்களும் கம்பனி விருந்துகளும் நடக்கிற ஒரு மண்டபத்தின் சமையலறையில். அத்தான் அங்கே பல வருடங்களாகச் சட்டி கழுவும் பகுதியின் மூத்தவர். அவருக்குக் கீழே இருந்தது நான் ஒருவன்தான். அவர் ஒரு சட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, எதுவும் சொல்லாமல் திரும்ப என் தொட்டிக்குள் போடுவார். சில நாட்களில் சொல்லிப் போடுவார்.

"உம்மடை பட்டத்தைக் கொண்டுவந்து இதுக்குள்ளை போட்டு ஊற வையும் தம்பி. கரி கழலுதோ பாப்பம்."

"ஓம் அத்தான்."

எங்கள் முறைப்படி அக்காவின் கணவருக்கு இதைவிட நீளமான பதில் கிடையாது. நானும் அந்த நாட்களில் முறைகளை மதிக்கிறவனாக இருந்தேன். கோழை என்று சொன்னாலும் கணக்குச் சரிதான்.

சட்டிகூடப் பரவாயில்லை. கார்தான் என்னைக் கொன்றது. ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே நேரம். நான் பஸ்ஸில் போகிறேன் என்றால் அதற்கு என்ன காரணம் சொல்வது? அத்தானின் காரில் ஏறமாட்டேன் என்றால் அது அத்தானின் முகத்தில் துப்பியதற்குச் சமம், அக்காவின் முகத்திலும் கொஞ்சம் தெறிக்கும். ஆகவே தினமும் நெடுஞ்சாலையின் நெரிசலில், ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டு, அவர் என்னை விசாரிப்பார். வீட்டில் அக்காவுக்குப் பயந்தும் வேலையில் தலைமைச் சமையல்காரரான செஃப்புக்குப் பயந்தும் இருந்த மனிதருக்கு, உலகத்தில் முழு ஆட்சி கிடைத்த ஒரே இடம் அந்தக் கார்.

"நேற்று அந்த மரக்கறி வெட்டுற ஹெயிட்டிக்காரனோடை நிண்டு சிரிச்சனீர்."

"ஓம் அத்தான். அவன் ஒரு பகிடி விட்டவன்."

"என்ன பகிடி?"

"அது பிரெஞ்சிலை அத்தான். தமிழிலை சொன்னா வராது."

"அப்ப எனக்குப் பிரெஞ்சு தெரியாது எண்டுறீர்."

"இல்லை அத்தான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அந்தப் பகிடி அவரைப் பற்றியது என்பதால் சொல்லவில்லை. இந்த மாதிரி உரையாடல் ஒன்று ஒரு வாரம் ஓடக்கூடியது. எனக்குப் பணமோ பதவியோ கனவில் வரவில்லை. கனவில் வந்தது பஸ்ஸில் ஒரு யன்னலோர இருக்கை. பக்கத்தில் யாரோ, என்னிடம் எதுவும் கேட்காமல்.

அந்த இருக்கைக்கு ஒரு வழி திறந்தது. மண்டபத்தில் சூப் வைக்கிற வயதான அம்மாவுக்கு இடுப்பு முறிந்துபோகிற நோவு; வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். சூப்காரர் விடியற்காலையில் தொடங்கவேண்டும். சட்டி கழுவுகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகு. அதாவது சூப் வேலை எனக்குக் கிடைத்தால் நான் அத்தானின் காரில் போக முடியாது. யாரையும் அவமதிக்காமல், எந்த முறையையும் மீறாமல், நேர அட்டவணையின் பெயரால் நான் இறங்கிவிடலாம். விடியற்காலை பஸ் வசதிக்கு என்று சொல்லி, பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஒரு வாடகை அறை எடுப்பதற்கும் அதே அட்டவணை காரணமாகும். செஃப் வந்து, "இங்கே யாருக்காவது சூப் வைக்கத் தெரியுமா?" என்று கேட்டபோது, நான் சோப்பு நுரையோடு கையைத் தூக்கினேன்.

அன்று திரும்பும்போது கார் வழமையை விட மெதுவாகப் போனது.

"என்னைக் கேளாமல் கை தூக்கினீர்."

"அவர் பொதுவாத்தானே அத்தான் கேட்டவர்."

"பொதுவாக் கேட்டா, அதுக்குள்ளை நானும் நிக்கிறன் எண்டு தெரியேல்லையோ உமக்கு?"

"நீங்கள் தூக்கியிருக்கலாமே அத்தான்."

இத்தனை வருடங்களில் அவர் ஒருநாளும் கை தூக்கியதில்லை என்பதை நான் நினைவுபடுத்திவிட்டேன். அவர் போட்டுவிட்ட சாமான் அவரைத் தாண்டி அடுப்படிக்குப் போகப் பார்க்கிறது. அதை அவர் எந்தக் காலத்திலும் மன்னிக்கப் போவதில்லை என்பது ஹீற்றர் சத்தத்திலேயே விளங்கியது.

சோதனைக்கு எனக்குத் தரப்பட்டது மஞ்சள் பட்டாணிச் சூப். கியூபெக்காரர் உயிரை விடுகிற பண்டம். என் பார்வையில் அது தாளிக்காமல் நடுவழியில் கைவிடப்பட்ட பருப்புக்கறி. பன்றியெலும்பு, வெங்காயம், கரட் எல்லாம் சொன்னபடி போட்டேன். ஒரு செத்தல் மிளகாய்க்காகக் கை துடித்ததை அடக்கினேன். பட்டாணி கரைந்து வந்தபோது உப்புப் பார்க்கவேண்டிய நேரம்.

அகப்பையை இடக்கைக்கு மாற்றினேன். வலது உள்ளங்கையில் ஒரு துளி விட்டேன். ஊதி, நக்கினேன்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர், "இதில் என்ன?" என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஊரில் அடுப்படிக்குள் நான் கண்ட எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வாயில் பட்ட அகப்பை சட்டிக்குள் திரும்பிப் போகாது, அதற்காகத்தான் கடவுள் உள்ளங்கையைக் குழியாகப் படைத்தார். உண்மையில் அந்தக் காலை முழுக்க நான் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தது வேறு காட்சி: செஃப் ஒரே கரண்டியால் சோஸை நக்குவார், அதே கரண்டியை அடுத்த சோஸுக்குள் விடுவார், திரும்ப நக்குவார். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் அவருடைய எச்சிலைத்தான் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். நான் அவருக்காக வெட்கப்பட்டேன். பாவம், வளர்ப்பு அப்படி என்று மன்னித்தும் இருந்தேன்.

அவர் என்னை மன்னிக்கவில்லை. எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்.

"கையை நக்குகிறான்! என் சூப்புக்கு மேலே நின்று நாய் மாதிரிக் கையை நக்குகிறான்!"

வெட்டிக்கொண்டிருந்த கத்திகள் எல்லாம் நின்றன. செஃப் சட்டிப் பகுதியைப் பார்த்து அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, பெண் வீட்டாருக்கு முன்னால் வருகிற மாப்பிள்ளையின் நடையில் வந்தார்.

"நீங்கள் எல்லோரும் இப்படித்தானா?" என்று செஃப் பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை, செஃப்," என்றார் அத்தானும் பிரெஞ்சில். "இவனுடைய ஊரில் அப்படி. எங்கள் ஊரில் இல்லை."

இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு வயல்வெளி. அதைச் சைக்கிளில் கடந்துதான் அவர் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், கனிவாக, "சூப் பழுதாம் தம்பி. கொட்டச் சொல்லுறார்," என்றார். அரசாங்கத்தின் இலவச பிரெஞ்சு வகுப்புக்கு நான் ஒழுங்காகப் போனவன் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. செஃப் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் என்னைத் தள்ளிவிட்டு, அகப்பையால் அள்ளிக் குடித்தார், அதை உள்ளே விட்டுக் கலக்கி இன்னொரு தரம் அள்ளிக் குடித்தார். "உப்புக் குறைவு. மற்றப்படி நல்லது. பரிமாறுங்கள்" என்றார். சூப் பாஸ். நான் ஃபெயில்.

அந்த இடத்துக்கு அடுத்த கிழமை செஃப்பின் அக்கா மகன் வந்தான். பக்கெற்றில் தூளாக வருகிற சூப்பைத் தண்ணீரில் கரைக்க அவனுக்குத் தெரியும். போட்டுவிடுகிற வழக்கம் எங்களுக்கு மட்டும் உரியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

காரில் அத்தான் பக்திப்பாட்டுப் போட்டார். அவ்வளவு சந்தோஷம்.

"இனி அந்த எண்ணத்தை விடும். கையை நக்கினா வெள்ளைக்காரன் சும்மா விடுவானோ?"

"நீங்களும் வீட்டிலை அப்பிடித்தானே அத்தான் பாக்கிறனீங்கள்."

"வீடு வேறை, வேலை வேறை. உதுகூடத் தெரியாமல் என்னத்தைப் படிச்சனீர்?"

கதவைத் திறந்து நெடுஞ்சாலையில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். குளிர் உள்ளே வருகிறது என்று அதற்கும் ஏசுவார். யன்னலுக்கு வெளியே ஒரு பஸ் எங்களோடு சமாந்தரமாக ஊர்ந்தது. உள்ளே ஒரு பெண் வாயைத் திறந்தபடி நித்திரை. அவளை நான் பார்த்த பார்வையில் பொறாமையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் ஆட்டிறைச்சி சமைப்பார். அக்கா வெங்காயம் வெட்டிக் கொடுத்து, சட்டி கழுவிக் கொடுத்து, வாழ்த்தும் சொல்லவேண்டும். அந்த ஞாயிறு நான் மேலே போனபோது கறி கொதித்துக்கொண்டிருந்தது. அத்தான் என்னைக் கண்டார். அகப்பையை இடக்கைக்கு மாற்றினார். வலது உள்ளங்கையில் ஒரு துளி விட்டார். ஊதினார். என் கண்ணைப் பார்த்தபடியே, சத்தம் வர நக்கினார்.

"உப்புக் காணுமோ குறையுமோ தெரியேல்லை," என்றார். "நீரும் பாருமன் தம்பி. சூப் வைக்கிறதிலை விண்ணன் எல்லோ."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கு அவள் சிரித்ததுதான் பொறுக்கவில்லை. அத்தான் என் உள்ளங்கைக்காக அகப்பையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அதை அவருடைய கையிலிருந்து மரியாதையாக வாங்கினேன். சட்டிக்குள் விட்டு நிறைய அள்ளினேன். அப்படியே வாயில் வைத்து உறிஞ்சினேன். அகப்பையின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, எல்லாம் நாக்கால் சுத்தம் செய்தேன். பிறகு அதைச் சட்டிக்குள் விட்டு, அடிவரை போய், நன்றாகக் கலக்கினேன்.

"காணும் அத்தான்," என்றேன்.

அத்தான் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"டேய், என்ன வேலை செய்தனீ?" என்றாள் அக்கா.

"செஃப் இப்பிடித்தான் அக்கா பாக்கிறவர். அத்தானுக்குத் தெரியும். எங்கடை ஊரிலைதான் வேறை மாதிரி."

"எச்சில் பண்ணிப்போட்டான்," என்றார் அத்தான், சட்டியிடம். இறைச்சியைக் கொட்டவும் அவருக்கு மனம் வரவில்லை, அதன் பக்கத்தில் நிற்கவும் மனம் வரவில்லை. அடுப்பை அணைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசிய மிகச் சிறந்த வசனத்தை அப்போது பேசினார்.

"நாளையிலையிருந்து என்ரை காரிலை ஏறாதை."

"ஓம் அத்தான்," என்றேன். அந்த இரண்டு சொல்லையும் அவ்வளவு மனப்பூர்வமாக நான் முன்பு சொன்னதில்லை.

அந்தக் காரணமே போதும் என்று கீழே போய்ப் பெட்டியைக் கட்டினேன். புத்தகங்கள் ஒரு பையில் அடங்கவில்லை. தடித்த பிரெஞ்சு நாவல்களைக் கொதிநீர்த் தாங்கிக்குத் துணையாக விட்டேன். படியில் அக்கா நின்றாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் வாளி, அதன் மூடியில் ஐஸ்கிறீம் படம்.

"இந்தா, முழுக்க நீயே கொண்டு போ. இனி இதை ஆர் தின்னுறது?"

"நீயும் தின்னமாட்டியோ அக்கா?"

"நீ இனி இந்த வீட்டிலை வாய் திறவாதை," என்றாள். மூடியை இன்னொரு தரம் அழுத்தி இறுக்கினாள்.

அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்-எக்ஸ்ரென்ஷனில் முன்பே பார்த்து வைத்திருந்த அறைக்குப் பஸ்ஸில் போனேன். யன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் மணம் பொறுக்காமல் எழுந்து முன்னால் போய்விட்டார். கர்க்லாண்டுக்கு நான் பிறகு போகவில்லை. ஜான்-டலோன் சந்தையின் ஒரு மரக்கறிக் கடையில், யாரும் போட்டுவிடாமல் நானே கேட்டு வாங்கிய வேலை, விரல் விறைக்க விறைக்கக் பூக்கோவா அடுக்குவது. முதலாளி நாள் முழுக்கத் திட்டுவார். ஆனால் கடை பூட்டியதும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பார்க்-எக்ஸ்ரென்ஷன் அறையில் கட்டிலில் இருந்து அந்தக் கறியைத் தனியே தின்று முடித்தேன். உப்புக் காணாது.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் பெருநாள்களுக்கு அக்கா என்னைக் கூப்பிடுகிறாள். நான் போனால் அத்தான் எழும்பி வந்து அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். வா என்று சொல்லமாட்டார். அகப்பை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சாப்பிட்டு முடிந்ததும் நான் பஸ்ஸுக்கு நடப்பேன். எவ்வளவு பனி கொட்டினாலும், காரில் கொண்டுபோய் விடட்டோ என்று அவர் இதுவரை கேட்டதில்லை.